இரண்டு வார அமானத்

சுங்கை பினாங்
8 ஜூலை 2025

ஷஹீரா பிந்தி இபுராம்சா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஒரு வரியை எழுதவே நாலு நாள் ஆயிற்று. சலாம் சொன்னால் பதில் சொல்வது உங்கள் மேல் கடமையாகிவிடும், பிடிக்காத ஆளால் உங்களுக்கு எதற்கு அந்தச் சங்கடம் என்று பார்த்தேன். ஆனால் சலாம் இல்லாமல் எழுத என் கை வரவில்லை.

என் பெயர் நாகூர் மீரான், வயது எழுபத்தொன்று. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் உங்கள் அத்தாவும் நானும் பதினோரு வருஷம் ஒரே நாசி கண்டார் சோற்றுக்கடையில் நின்றோம். அவர் அடுப்புப் பக்கம், நான் பரிமாறுகிற பக்கம். நீங்கள் பள்ளிக்கூடப் பையோடு வந்து பின்கட்டில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவீர்கள். என்னை நினைவிருக்கிறதோ என்னவோ.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தாவின் வெள்ளைக் காக்காத்துவா கிளி என்னிடம் இருக்கிறது. மஞ்சள் கொண்டை வைத்த அதே பறவைதான், பஞ்சு. உயிரோடு, நல்லபடியாக இருக்கிறது. 1996 செப்டம்பரில் நீங்கள் எல்லாரும் ஜொகூருக்குக் குடிபோனபோது உங்கள் அத்தா கூண்டைக் கடைப் பின்கட்டில் வைத்து, "ரெண்டு வாரம் இருக்கட்டும்ணே. வீடு கிடைச்சதும் நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கூண்டைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு வரவே இல்லை. இப்போது இருபத்தொன்பது வருஷம் ஆகப்போகிறது.

அமானத் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம்பி ஒப்படைத்த பொருளை உரியவர் கையில்தான் திருப்பித் தர வேண்டும். அதை விற்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது, நாம் அனுபவிக்கவும் கூடாது. நான் மூன்றையும் செய்யவில்லை. வனவிலங்கு இலாகா உரிமத்தை என் பெயரில்தான் வருஷா வருஷம் புதுப்பிக்கிறேன். அதனால் பறவை என்னுடையதாகிவிடாது.

இப்போது எனக்கு இருதயத்தில் மூன்று அடைப்பு. ஆகஸ்ட் 14 அன்று நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். பறவைக்கு வயது முப்பத்துநாலு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் எழுபது வரை போகும் என்கிறார் மிருக டாக்டர். எனக்கு அந்த உத்தரவாதத்தை யாரும் தரவில்லை.

எங்கள் புளோக்கில் இருக்கும் சுகுமாரன் பத்து காவானில் உங்கள் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். பேச்சுவாக்கில் உங்கள் பெயரும் அத்தா பெயரும் வந்தது. அத்தா மவுத்தாகி அடக்கமான விஷயம் எனக்கு முன்பே தெரியும். நீங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் தெரியும்.

ஒன்று, வந்து பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், "வாரிசுகளாகிய நாங்கள் உரிமையை விட்டு ஹலால் செய்து கொடுத்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பாலிக் புலாவில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அந்த ஒரு வரி இல்லாமல் அவருக்குக் கொடுக்க என் மனசு இடம் தராது.

போனில் கூப்பிட வேண்டாம். வலது காது சுத்தமாகக் கேட்காது, இடதும் அரைகுறைதான். பறவையின் கத்தலைக் கேட்டுக் கேட்டு வந்த வினை. அமானத் விஷயம் எழுத்தில் இருப்பதுதான் நல்லதும்கூட.

நாகூர் மீரான்


பத்து காவான்
14 ஜூலை 2025

நாகூர் மீரான் அவர்களுக்கு,

வ அலைக்கும் சலாம். கடமை தீர்ந்தது. இதற்கு மேல் நான் எழுதுவது எதுவும் கடமைக்காக இல்லை.

பஞ்சு படகிலிருந்து பறந்துவிட்டது என்று, சாமான்களோடு பின்னால் வந்த அத்தா எங்களிடம் சொன்னார். பட்டர்வொர்த் போகும் பெர்ரியில் கூண்டுக் கதவு திறந்துகொண்டதாம், கடல் மேல் பறந்து போய்விட்டதாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கப்புறம் எத்தனை தடவை பெர்ரி ஏறினாலும் வானத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். பினாங்குக்கு வேலைக்கு வந்த பிறகும், முப்பது வயதிலும் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு வருஷமும் அது உங்கள் பின்கட்டில் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தது என்கிறீர்கள். அத்தா மேல் கோபப்படுவதா, உங்கள் மேல் கோபப்படுவதா என்று தெரியவில்லை. அவர் இல்லை. அதனால் உங்கள் மேல்.

நீங்கள் யார் என்று நன்றாகவே தெரியும். "மீரான் என் பறவைக்கே என்னைத் திட்டக் கத்துக் கொடுத்தான்" என்று அத்தா சாகும்வரை சொன்னார். கடையில் பத்து பேர் சாப்பிடும்போது பஞ்சு அவரைக் கேலி செய்ததாம். கற்றுக்கொடுத்தது நீங்களாம். அத்தா எதையும் சீக்கிரம் மறந்துவிடுகிற மனிதர், அதை மட்டும் மறக்கவில்லை.

2019 நவம்பரில் என் வீட்டில்தான் அவர் மவுத்தானார். பினாங்குப் பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்தார்கள். பழைய கடைக்காரர்கள் எத்தனையோ பேர் பாலம் கடந்து வந்தார்கள். நீங்கள் வரவில்லை. இன்று அமானத் பேசுகிறீர்கள்.

ஹலால் என்று நான் ஒருத்தி எழுதினால் போதாது. அத்தாவின் பொருளில் என் தம்பி சாஹித்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. பஞ்சுவில் எந்த மூன்றில் ஒரு பங்கு என்னுடையது, இறக்கையா, கத்தலா? அவன் ஜொகூரில் இருக்கிறான். அத்தாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவனும் நானும் பேசுவதில்லை. அவனிடம் நான் கேட்க மாட்டேன். நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஷஹீரா


சுங்கை பினாங்
18 ஜூலை 2025

ஷஹீரா பிள்ளைக்கு,

சலாம். நீங்கள் எழுதியதில் பாதி சரி. மீதிப் பாதியும் சரிதானோ என்று ஜும்ஆ தொழுதுவிட்டு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

நான் பறவைக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. உங்கள் அத்தா ஆணம் வைக்கும்போது குழம்பில் புளியைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவார். அதை அவரிடம் நேராகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கரண்டியும் கையுமாக நிற்கும்போது எனக்கு நானே முணுமுணுப்பேன், "இபுராம்சா கை பட்டா ஆணம் கெட்டுச்சு" என்று. தினமும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் மத்தியானம், கடை நிறைய ஆள், உங்கள் அத்தா சட்டியை இறக்குகிறார், அது என் குரலிலேயே அதைச் சொன்னது. கடையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அடுத்த மாதம் ஜொகூர். கற்றுக்கொடுத்திருந்தால்கூட விளையாட்டு என்று சமாளித்திருக்கலாம். கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் மோசம்.

மவுத்துக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கதவு வரை போனேன், அவ்வளவுதான். மன்னியுங்கள்.

இரண்டு வாரத்தில் வருகிறேன் என்றவர் வரட்டும் என்று முதல் வருஷம் வீம்பாக இருந்தேன். அப்புறம் அவர் வந்தால் என்ன பேசுவது என்று பயமாக இருந்தது. அதற்கும் அப்புறம் பழகிப்போயிற்று. ஆனால் பறவையை ஒரு நாள் பட்டினி போட்டதில்லை. காலையில் சூரியகாந்தி குவாச்சி விதை, மத்தியானம் சோளம், ஒரு துண்டு பப்பாளி. ஊருக்குப் போனதில்லை. மக்கா போய் உம்ரா செய்ய இரண்டு தடவை பேர் கொடுத்து இரண்டு தடவையும் எடுத்துவிட்டேன், அதை யார் பார்ப்பார்கள் என்று. கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பெருமைக்காக அல்ல. ஆளைப் பார்த்தால் அது கம்பியோரம் வந்து தலையைக் குனிந்து நீட்டும், சொறிந்துவிடச் சொல்லி. நான் ஒரு நாளும் தொட்டதில்லை. பேரப்பிள்ளைகளையும் தொட விட்டதில்லை. அமானத்தை அனுபவிக்கக் கூடாது அல்லவா. எனக்கும் ஆசை இருந்தது, கையை அடக்கிக்கொண்டேன். உங்கள் அத்தாவுக்கு நான் செய்த தப்புக்கு இதாவது ஈடாக இருக்கட்டும் என்றுதான்.

கடை மூடி மகன் ஃபிக்ரி வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். பன்னிரண்டாவது மாடி. பக்கத்து வீட்டு லைலா மேனேஜ்மெண்ட் ஆபீசில் மூன்றாவது முறை புகார் கொடுத்துவிட்டார். மருமகள் ஃபரா நல்ல பிள்ளைதான், ஆனால் அவளும் எவ்வளவுதான் தாங்குவாள். "மாமா, இது பிளாட்லா, ஸூ இல்ல. நீங்க வார்டுல இருக்கும்போது நான் கைக்குழந்தையப் பாப்பேனா, இதப் பாப்பேனா?" என்கிறாள். அவள் கேட்பதில் என்ன தப்பு? ஆகஸ்ட் 14க்கு இன்னும் இருபத்தேழு நாள். தம்பிக்கு ஒரு வரி எழுதுங்கள் பிள்ளை.

நாகூர் மீரான்


பத்து காவான்
23 ஜூலை 2025

மீரான் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் மவுத் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து என் கோபம் பாதி இறங்கியது. அடுத்த பத்தியைப் படித்ததும் இரண்டு மடங்கு ஏறியது.

இருபத்தொன்பது வருஷமாக அதன் தலையைத் தொடவில்லையா? மாமா, அது என்ன பாத்திரமா, கடிகாரமா, எடுத்துப் பெட்டியில் பூட்டி வைக்க? அது கூட்டமாகத் திரிகிற ஜாதி. ஒன்றின் தலையை ஒன்று கோதிவிடும். தன் அலகு தன் பிடரிக்கு எட்டாது. அதனால்தான் இன்னொருவரிடம் குனிந்து கேட்கிறது. கொண்டைக்குக் கீழே, கழுத்துப் பக்கம், இறகை எதிர்வாட்டாக நீவ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்கும். நான் பள்ளி விட்டு வந்து கை கழுவாமல் முதலில் செய்கிற வேலை அதுதான்.

சோறு போட்டீர்கள். நீங்கள் உண்டீர்களா அந்தச் சோற்றை? இல்லை. அதற்குத் தேவை, போட்டீர்கள். இதுவும் அதற்குத் தேவைதான். உங்களுக்குச் சந்தோஷம் கிடைத்துவிடுமோ என்று பயந்து அதை இவ்வளவு காலம் குனிய வைத்துவிட்டு நின்றிருக்கிறீர்கள். இதை அத்தாவுக்குச் செய்த ஈடு என்று எழுதுகிறீர்கள். இதோடு விடுகிறேன்.

பாலிக் புலாவ் நண்பருக்கு என்ன வயது? சுகுமாரன் அண்ணனிடம் கேட்டேன். அறுபத்தைந்தாம். இவ்வளவு கணக்குப் பார்க்கிற நீங்கள் இதைப் பார்க்கவில்லையா?

நான் தனியாகத் தரை வீட்டில் இருக்கிறேன், முனை வீடு. சத்தம் போட்டால் கேட்க ஒரு பக்கம்தான் ஆள். ஆனால் நான் வாங்கிக்கொண்டால் சாஹித்தின் இரண்டு பங்கை அபகரித்ததாகிவிடும். அத்தாவைப் பத்து காவானில் அடக்கம் செய்தது நான்தான். அம்மாவின் கபர் ஜொகூரில் இருக்கிறது. அவர் பக்கத்தில் வைக்காமல் என் வசதிக்காக இங்கே வைத்துவிட்டேன் என்று அவன் கபருஸ்தானிலேயே சத்தம் போட்டான். நானும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். அவனிடம் போய்க் கிளிக்குப் பங்கு கேட்கச் சொல்கிறீர்கள். யோசிக்கிறேன். அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

அதுவரை தலையைச் சொறிந்துவிடுங்கள். உரியவளில் மூன்றில் ஒரு பங்கு சொல்கிறேன்.

ஷஹீரா


சுங்கை பினாங்
28 ஜூலை 2025

ஷஹீரா பிள்ளைக்கு,

சலாம். உங்கள் கடிதம் வந்த அன்றே பள்ளிவாசலுக்குப் போய் இமாம் ஹஜரத்திடம் கேட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "பாவா, ஒப்படைச்ச மாட்டுக்கு உண்ணி எடுக்கிறது அனுபவிக்கிறதா? உசுருக்கு வேண்டியது செய்றதும் அமானத்தோட சேர்ந்ததுதான். இத அன்னிக்கே யாரையாவது கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம். எனக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பு. பேருந்தில் வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சீனப் பெண் டிஷ்யூ கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கூண்டுக்குள் கை விட்டேன். அது பின்னால் நகர்ந்துவிட்டது. மறுநாளும் விட்டேன். கம்பியின் அந்தக் கோடிக்குப் போய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. யோசித்துப் பார்த்தால் அது குனிவதை எப்போதோ நிறுத்திவிட்டது பிள்ளை. பத்து வருஷமா, பதினைந்தா தெரியவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டிருக்கிறது. உங்களுக்கு எழுதும்போது "தலையைக் குனிந்து நீட்டும்" என்று எழுதினேனே, அது பழைய நினைவு. நின்றுபோனதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். அமானத்தைக் காப்பாற்றினேன் என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். அதுவும் போயிற்று.

இனி உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, அதனால் இதையும் சொல்கிறேன். ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஃபிக்ரிக்குத் தெரியாது, போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்த வயதில் நெஞ்சைப் பிளந்து, அப்புறம் மாதக்கணக்கில் படுத்து, பிள்ளைகளுக்குப் பாரமாகி, எதற்கு என்று தோன்றுகிறது. பறவைக்கு ஒரு வழி பிறந்துவிட்டால் என் தலையில் வேறு பொறுப்பு எதுவும் இல்லை. உங்கள் இருவரின் ஹலால் வந்துவிட்டால் நான் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிடலாம். அல்லாஹ் கூப்பிடும்போது கை சுத்தமாகப் போய்ச் சேர்வேன். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். சீக்கிரம் எழுதி அனுப்புங்கள்.

நாகூர் மீரான்


பத்து காவான்
31 ஜூலை 2025

மாமா,

பதினான்காம் தேதிக்காக அவசரப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அவசரப்படுவது அதற்கில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

அடுத்த கடிதம் வரும் வரை யாருக்கும் எதையும் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு எதையும் சொல்லாதீர்கள். ஃபிக்ரி அண்ணனிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?

ஷஹீரா


சுங்கை பினாங்
4 ஆகஸ்ட் 2025

ஷஹீராவுக்கு,

ஃபிக்ரியிடம் சொல்லாதே. உன்னை நம்பி எழுதினேன். என் நெஞ்சைப் பற்றி முடிவு செய்ய உன்னை நான் கேட்கவில்லை, ஒரு வரி கையெழுத்துத்தான் கேட்டேன். அதற்கு நாலு வாரம்.

நேற்று மாடிப்படியில் மூச்சு நின்று நின்று வந்தது. லிஃப்ட் ரிப்பேர். ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தே பறவையின் கத்தல் கேட்டது, எனக்கே கேட்டது என்றால் பார். நான் இப்படியே போய்விட்டால் இவர்கள் அதை என்ன செய்வார்கள் என்றுதான் நினைப்பு ஓடியது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்லவும் எனக்கு வேறு ஆள் இல்லை.

மீரான்


பத்து காவான்
9 ஆகஸ்ட் 2025

மீரான் மாமாவுக்கு,

இதைத் தபாலில் போட்டால் தாமதமாகும் என்று சுகுமாரன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். எழுத்தில்தான் இருக்கிறது, அதனால் கோபிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை லீவு போட்டு ஜொகூருக்குப் போனேன். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். ஒவ்வொரு மணி நேரமும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. சாஹித் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "என்னாக்கா, யாருக்கு என்ன?" என்றான். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் அவனுக்குக் கோபமாக இருக்க வேண்டும் என்று நினைவு வந்தது.

கிளி என்று ஆரம்பித்தேன். அவனுக்கு அப்போது நாலு வயது, பஞ்சுவை நினைவே இல்லை. "எனக்கு எதுக்குக்கா கிளி? நீயே வச்சிக்க. ஆனா அத்தாவ அம்மா பக்கத்துல வைக்கலயே, அதுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லலயே" என்றான். மாமா, எனக்குப் பதில் தயாராக இருந்தது. ஐந்தரை வருஷமாகத் தயாராக வைத்திருக்கிறேன். அன்றைக்கு வெயில், தூரம், டாக்டர் சொன்னது, எல்லாம். வாயைத் திறக்கும்போது நீங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவு வரை போனதாக எழுதியது நினைவுக்கு வந்தது. "உன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல. தப்புதான்டா" என்றேன். அவன் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தான், சர்க்கரை நிறையப் போட்டிருந்தான். பிறகு தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம். அதிகமாக அத்தாவின் ஆணத்தைப் பற்றித்தான். புளி கூடத்தான் என்று அவனும் சொன்னான்.

அவனுடைய இரண்டு பங்கும் என் பெயருக்கு வந்துவிட்டது. நகல் இதோடு இருக்கிறது. இப்போது பஞ்சு முழுக்க முழுக்க என்னுடையது.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் கேட்ட ஹலால் வரியை நான் எழுதித் தரப்போவதில்லை. பாலிக் புலாவ்காரருக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. நானும் இப்போது வந்து எடுத்துக்கொள்ள மாட்டேன். பஞ்சு இன்னும் உங்கள் கையில் இருக்கும் அமானத். அமானத்தை உரியவர் கையில்தான் திருப்பித் தர வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியவர் நீங்கள். உரியவள் நான். எனக்குத் தோதான நாள் செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. அன்று வருவேன். ஃபரா அண்ணியிடமிருந்து வாங்க மாட்டேன், ஃபிக்ரி அண்ணனிடமிருந்து வாங்க மாட்டேன். நீங்கள் எழுந்து நின்று கூண்டைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

உயிர் அல்லாஹ் கையில், எனக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் கையெழுத்து உங்கள் கையில் இருக்கிறது. கை சுத்தமாகப் போய்ச் சேர்வேன் என்கிறீர்கள். இப்படியே போனால் சுத்தமாகப் போக முடியாது. என் பொருள் உங்கள் கையில் இருக்கிறது. நான் விடமாட்டேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளெல்லாம் வேலை முடிந்து நான் வந்து சாப்பாடு வைக்கிறேன். ஃபரா அண்ணியிடம் சுகுமாரன் அண்ணன் மூலம் பேசிவிட்டேன். கொடுமைக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அத்தாவும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் வீம்பு பிடித்தீர்கள். இப்போது என் முறை.

ஷஹீரா


சுங்கை பினாங், உங்கள் வீட்டில்
18 ஆகஸ்ட் 2025

மாமா,

இதைக் கூண்டுக்கு மேல் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் வீட்டுக்கு வந்ததும் படிக்க. வருவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து நாலு நாள். இன்னும் மூச்சுக் குழாயை எடுக்கவில்லை என்று ஃபிக்ரி அண்ணன் சொன்னார். நாளைக்கு எடுக்கலாம் என்றார்கள், நேற்றும் அதையேதான் சொன்னார்களாம். நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் எழுதியதால்தானே கையெழுத்துப் போட்டீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? மூன்று நாளாக வேலையில் ஒரே சர்க்யூட் பலகையை இரண்டு தடவை பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன். வரியை எழுதிக் கொடுத்திருக்கலாமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. கொடுத்திருந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். அதுவும் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து மனசு அடித்துக்கொள்கிறது.

பஞ்சு உங்களைத் தேடுகிறது. நெஞ்சு இறகைப் பிய்த்துப் போடுகிறது, ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிகிறது. மிருக டாக்டர் வந்து பார்த்தார். ஏக்கம் என்றார். வேளைக்கு நீங்கள் வர வேண்டும், வரவில்லை, அதற்கு அவ்வளவுதான் தெரியும். என்னை அடையாளம் தெரியவில்லை. கொண்டைக்குக் கீழே கை வைத்தேன், கடித்துவிட்டது. இரண்டு தையல். நியாயம்தான், நானும் இருபத்தொன்பது வருஷம் கழித்து வருகிறேன்.

உங்கள் குரலில்தான் பேசுகிறது. முதல் நாள் கதவைத் திறந்ததும் உங்கள் குரலைக் கேட்டேன், அத்தாவையும் ஆணத்தையும் பற்றி. இத்தனை வருஷம் அத்தாவுக்கு உறைத்த வார்த்தை. நான் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். ஃபரா அண்ணி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

எழுந்து வாருங்கள் மாமா.

ஷஹீரா


சுங்கை பினாங்
6 செப்டம்பர் 2025

மகள் ஷஹீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். எழுத்து கோணலாக இருக்கும், நெஞ்சில் பெல்ட் கட்டியிருப்பதால் சரியாகக் குனிய முடியவில்லை. கூண்டைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் பதினான்காம் தேதி நான் ஒரு கையை மேலே வைத்துக்கொள்வேன், ஃபிக்ரி தூக்குவான். இந்த அளவுக்கு நீ விட்டுக்கொடுக்க வேண்டும்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் படித்து நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஃபராவிடம் கேள், அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சின்னப் பெண் என்னை மடக்கிவிட்டாளே என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். குழாயை எடுத்து எனக்கு நினைவு வந்ததும் முதலில் என்ன தேதி என்றுதான் கேட்டேனாம். நர்ஸ் ஃபிக்ரியிடம் சொன்னாளாம்.

பறவைக்கு நெஞ்சில் புது முளை தெரிகிறது, குச்சி குச்சியாக. நான் வந்த அன்று ஒரு மணி நேரம் விடாமல் கத்தித் தீர்த்தது. லைலாவே வந்து, "பாவா வந்தாச்சா?" என்று பார்த்துவிட்டுப் போனார், புகார் கொடுக்கவில்லை. தினமும் கூண்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து கையைக் கம்பியில் வைக்கிறேன். குனியவில்லை. நகர்ந்து போகவும் இல்லை. உன் வீட்டுக்குப் போனால் நீ விடாமல் முயற்சி செய். எனக்கு அதனிடம் கேட்க உரிமை இல்லை.

சாப்பாட்டு விவரம் எல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வெண்ணெய்ப் பழம் கொடுக்காதே, விஷம். இடி இடித்தால் துணி போட்டு மூடு. மத்தியானச் சோளம் தாமதமானால் என் குரலில் உன்னைத் திட்டும், கோபித்துக்கொள்ளாதே.

கட்டிலில் படுத்திருக்கும்போது வேறு வேலை இல்லாமல் ஒரு கணக்குப் போட்டேன். அதற்கு முப்பத்துநாலு. டாக்டர் சொன்ன எழுபதுக்கு இன்னும் முப்பத்தாறு வருஷம். உனக்கு இப்போது முப்பத்தெட்டு. அன்றைக்கு நீ எழுபத்துநாலு வயதுக் கிழவியாக இருப்பாய், இப்போதைய என்னைவிட மூன்று வயது மூப்பு. அது நல்லபடியாகக் கம்பியில் உட்கார்ந்திருக்கும், உனக்கு மூச்சு வாங்கும். இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறாயே என்று எனக்கு உன்னை நினைத்துப் பயமாக இருக்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வா, உன் பொருளை என் கையிலிருந்து வாங்கிக்கொள். வாங்கிய கையோடு உனக்குப் பிறகு யார் என்று ஆள் தேட ஆரம்பித்துவிடு. நான் எழுபத்தொரு வயதில் ஆரம்பித்தேன், கிட்டத்தட்டக் கிடைக்காமல் போயிருக்கும்.

மீரான் மாமா